வயது ஒன்றுதான், வளர்ச்சி வேறு வேறு

கானா, இந்தியா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் ஆரோக்கியமாக வளரும் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, எந்த மாதத்தில் உட்கார்ந்தார்கள், நின்றார்கள், நடந்தார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் பதிவு செய்தது. 2006இல் வெளியான அதன் முடிவுப்படி, பிடிமானம் இல்லாமல் தனியாக நடக்கத் தொடங்கும் வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை பரவியிருந்தது. முந்தி நடந்த பிள்ளைக்கும் பிந்தி நடந்த பிள்ளைக்கும் நடுவில் ஒன்பது மாதத்துக்கு மேல் வித்தியாசம். இரண்டுமே ஆரோக்கியமான பிள்ளைகள்.

இப்போது சிங்கப்பூரைப் பாருங்கள். இரண்டு மாதக் குழந்தையை சிசுப் பராமரிப்பு நிலையத்தில் சேர்க்கலாம். 18 மாதத்தில் அடுத்த வகுப்பு. ஏழு வயதாகும் ஆண்டின் ஜனவரியில் தொடக்கநிலை ஒன்று. 12 வயதில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ. 18 வயதில் பையன்களுக்குக் கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவை. தேதிகள் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் உடம்பும் மூளையும் மனசும் அந்தத் தேதிகளைப் பார்த்து வளர்வதில்லை. பெற்றோரின் கவலையில் பெரும்பகுதி இந்த இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில்தான் பிறக்கிறது.

அந்தக் கவலை இரண்டு பக்கமாகவும் தவறிப் போவதை நம் குடும்பங்களில் பார்க்கிறேன். ஒரு பக்கம், "அவங்க பிள்ளை பத்து மாசத்துலயே நடந்துடுச்சு" என்ற ஒப்பீடு. இன்னொரு பக்கம், "ஆம்பளப் பிள்ளை, மெதுவாத்தான் பேசுவான், விடு" என்ற ஆறுதல். முதலாவது தேவையில்லாத பயத்தைத் தருகிறது. இரண்டாவது, உதவி தேவைப்படும் பிள்ளைக்கு அது கிடைப்பதைத் தாமதப்படுத்துகிறது. எது இயல்பான வித்தியாசம், எது கவனிக்க வேண்டிய அறிகுறி என்று தெரிந்துகொண்டால் இரண்டையும் தவிர்க்கலாம்.

உடம்பு முதலில்

பிறந்தபோது மூன்று கிலோ இருந்த குழந்தை ஐந்தாம் மாத வாக்கில் ஆறு கிலோவைத் தொடும். முதல் பிறந்தநாளில் ஏறத்தாழ ஒன்பது கிலோ. நீளம் அந்த ஓராண்டில் சுமார் 25 சென்டிமீட்டர் கூடும். பிறந்த பிறகு இந்த வேகம் மறுபடி எப்போதும் வராது, பருவ வயதிலும்கூட. பிறக்கும்போது பெரியவர்களின் மூளையில் கால் பங்கு அளவே இருக்கும் மூளை, ஆறு வயதுக்குள் பத்தில் ஒன்பது பங்கை எட்டிவிடும். உச்சிக்குழி ஒன்றரை வயது வரை மூடாமல் இருப்பது, உள்ளே இவ்வளவு வேகமாக வளரும் மூளைக்கு இடம் கொடுப்பதற்காகவும்தான்.

அசைவுகளில் வயதைவிட வரிசை முக்கியம். முதலில் கழுத்து நிற்கும், அப்புறம் முதுகு, அப்புறம் இடுப்பு, கடைசியாகக் கால். தலையிலிருந்து கீழ்நோக்கி இறங்கும் இந்த வரிசையை நம் புலவர்கள் எப்போதோ கவனித்துவிட்டார்கள். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களைப் பொதுவாகச் சொல்லும் மாதக் கணக்கில், குழந்தை கைகளை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரைப் பருவம் ஐந்தாம் மாதம், உட்கார்ந்து கை கொட்டும் சப்பாணிப் பருவம் ஒன்பதாம் மாதம், நடந்து வரச் சொல்லி அழைக்கும் வருகைப் பருவம் பதின்மூன்றாம் மாதம். இன்றைய குழந்தை மருத்துவரும் இதே வரிசையைத்தான் சொல்வார், மாதங்களும் பெரும்பாலும் பொருந்தும். அடுத்து வரும் அம்புலிப் பருவத்தில் நிலாவைக் காட்டி அழைக்கிறோம். நாம் காட்டிய திசையில் பிள்ளை பார்ப்பதும், தான் பார்த்ததை நமக்குச் சுட்டிக் காட்டுவதும் எவ்வளவு பெரிய வளர்ச்சி என்பதற்கு பிறகு வருகிறேன்.

சிங்கப்பூரில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு சுகாதாரக் கையேடு தருகிறார்கள். தடுப்பூசிப் பக்கத்தை மட்டும் புரட்டிவிட்டு அலமாரியில் வைத்துவிடுபவர்கள் பலர். அதற்குள் வளர்ச்சிப் பட்டியலும் இருக்கிறது. அமெரிக்காவின் டென்வர் நகரில் உருவான சோதனையைச் சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு ஏற்பத் திருத்தி அமைத்தது அது. ஒவ்வொரு திறனுக்கும் எதிரே, நூற்றுக்குத் தொண்ணூறு பிள்ளைகள் எந்த மாதத்துக்குள் அதைச் செய்துவிடுகிறார்கள் என்ற எண் இருக்கும். அதைச் சராசரி என்று எடுத்துக்கொண்டு பதறக் கூடாது. பெரும்பாலான பிள்ளைகள் தாண்டிவிட்ட எல்லை அது. அதைத் தாண்டியும் உங்கள் பிள்ளை அதைச் செய்யவில்லை என்றால், பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) அடுத்த முறை போகும்போது சொல்ல வேண்டும். காத்திருக்க வேண்டாம்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வில் சுமார் நான்கு விழுக்காட்டுக் குழந்தைகள் கையையும் முட்டியையும் ஊன்றித் தவழாமலே நடந்துவிட்டார்கள். ஆகவே தவழாதது மட்டுமே குறை ஆகாது. ஆனால் 18 மாதமாகியும் நடக்கவில்லை என்றாலும், ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தி மறு கையை ஒதுக்கினாலும், வந்த திறன் எந்த வயதிலாவது மறைந்துபோனாலும் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும்.

சக்கரம் வைத்து, நடுவில் குழந்தையை உட்கார வைக்கும் வாக்கரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாட்டி வீட்டுக்கு ஒன்று, நம் வீட்டுக்கு ஒன்று என்று வாங்குகிறோம். அது நடையைச் சீக்கிரம் கொண்டுவருவதில்லை, தாமதப்படுத்தக்கூடும். விழுந்து தலையில் அடிபடும் ஆபத்தும் உண்டு. கனடா 2004இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது. ஊரில் தச்சர் செய்து தரும் மர நடைவண்டி வேறு. அதில் குழந்தை தன் காலில் நின்று, தன் எடையைத் தானே தாங்கித் தள்ளுகிறது.

முகம் பார்க்கும் குழந்தை

ஆறாவது வாரத்தை ஒட்டி, குழந்தை நம் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறது. அதற்கு முன் தூக்கத்தில் வரும் சிரிப்பு வேறு. இது நமக்காகச் சிரிக்கும் சிரிப்பு. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் 1970களில் ஒரு சோதனை செய்தார். தாய் குழந்தையோடு விளையாடிக்கொண்டே இருந்து, திடீரென்று முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் நிறுத்த வேண்டும். சில நொடிகளில் குழந்தை சிரித்துப் பார்க்கும், கை நீட்டும், குரல் கொடுக்கும். பதில் வராதபோது முகத்தைத் திருப்பிக்கொள்ளும், அழும். தாய் மறுபடி பேசத் தொடங்கினால் கொஞ்ச நேரத்தில் தேறிவிடும். பேச்சு வருவதற்கு வெகு முன்பே குழந்தை உரையாடலில் இருக்கிறது என்பதும், பதில் வரும் என்று அது எதிர்பார்க்கிறது என்பதும் அதில் தெரிந்தது. பால் கொடுக்கும்போது கைப்பேசியைப் பார்க்காதீர்கள் என்று தாதியர் சொல்வதற்குக் காரணம் இதுதான். எப்போதாவது பார்ப்பதால் கெடுதல் இல்லை. ட்ரோனிக்கின் குழந்தைகளும் மீண்டார்கள். நாள் முழுக்க பதில் இல்லாத முகம்தான் பிரச்சினை.

எட்டாவது மாதத்தை ஒட்டி இன்னொரு மாற்றம். நேற்றுவரை யாரிடமும் போன பிள்ளை இன்று புது முகத்தைக் கண்டால் அழுகிறது. பேரப்பிள்ளையைப் பார்க்கத் திருச்சியிலிருந்து விமானம் ஏறி வந்த தாத்தா, தூக்கியதும் அது அலறுவதைக் கண்டு மனம் நொந்துபோவார். அவரிடம் இதைச் சொல்லுங்கள்: தனக்கு வேண்டியவர் யார், புதியவர் யார் என்று பிரித்தறியும் அளவுக்குப் பிள்ளையின் மூளை வளர்ந்துவிட்டது. நேரே தூக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளையின் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தால், பிள்ளையே மெல்ல அவரிடம் வரும்.

இங்கே பல வீடுகளில் அம்மா, அப்பா, பாட்டி, இல்லப் பணிப்பெண், சிசுப் பராமரிப்பு ஆசிரியை என்று பலர் பிள்ளையை வளர்க்கிறார்கள். "வேலைக்குப் போறதால என் பிள்ளை என்கிட்ட ஒட்டாமப் போயிடுமோ" என்று தாய்மார்கள் குற்ற உணர்வோடு கேட்கிறார்கள். குழந்தைக்கு ஒரே நேரத்தில் பலரோடு பாசப் பிணைப்பு உண்டாக முடியும். ஆனால் அந்தப் பலர் அடிக்கடி மாறக் கூடாது. அழுதால் வருவார்கள் என்று நம்பத் தக்கவர்களாக இருக்க வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்களான குழந்தைகளுக்கு, 2026 ஏப்ரலிலிருந்து தாயின் 16 வாரம், தந்தையின் 4 வாரம், இருவரும் பகிரும் 10 வாரம் என்று மொத்தம் 30 வாரச் சம்பள விடுப்பு இருக்கிறது. தந்தையர் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளாமல் விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்த ஏழு மாதத்தில்தான் பிள்ளை முகங்களைப் படித்துக்கொள்கிறது. அதில் அப்பாவின் முகமும் இருக்க வேண்டாமா?

காது பழகும் காலம்

நான் இந்தக் கட்டுரையை எழுத முக்கியக் காரணம் இந்தப் பகுதிதான். தமிழ்க் குடும்பங்கள் நல்ல எண்ணத்தோடு தவறான முடிவெடுக்கும் இடம் இது.

கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் செய்து 1984இல் வெளியிட்ட ஆய்வு, ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளரும் குழந்தைகளுக்கு இந்தியின் இரண்டு ஒலிகளைக் கேட்க வைத்தது. ஒன்று நம் 'த' போன்றது, மற்றது நம் 'ட' போன்றது. ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் இரண்டையும் பிரித்தறிந்தார்கள். அதே ஆங்கில வீட்டுக் குழந்தைகள் பத்து, பன்னிரண்டு மாதத்தை எட்டியபோது பெரும்பாலோரால் முடியவில்லை. தங்களைச் சுற்றிக் கேட்காத வேற்றுமையை அவர்களின் காது கைவிட்டுவிட்டது. இந்தி கேட்டு வளர்ந்த குழந்தைகளிடம் அது நிலைத்து நின்றது.

தமிழில் 'த'வும் 'ட'வும் மட்டுமா? ல, ள, ழ இருக்கிறது. ன, ண இருக்கிறது. ஏழு வயதில் தொடக்கநிலை ஒன்றில் தமிழ் வகுப்பில் உட்காரும் பிள்ளை 'பள்ளி'யையும் 'பல்லி'யையும் ஒன்றாகச் சொன்னால், அது சோம்பேறித்தனம் இல்லை. அந்தப் பிள்ளையின் முதல் ஆண்டில் அந்த ஒலிகள் அதன் காதில் போதுமான அளவு விழாமல் போயிருக்கலாம். பிறகு கற்க முடியாது என்பதில்லை, கூடுதல் உழைப்பு தேவைப்படும், அவ்வளவுதான்.

சிங்கப்பூரின் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்ன இந்தியர்கள் 36.7 விழுக்காடு. 2020இல் அது 27.3 விழுக்காடு. அதே பத்தாண்டில் ஆங்கிலம் 41.6இலிருந்து 59.2 விழுக்காட்டுக்கு ஏறியது. பள்ளியில் தமிழ் இருக்கிறதே என்று நிம்மதி அடையலாம். ஆனால் பள்ளி தொடங்குவது ஏழு வயதில். காது பழகுவது முதல் ஆண்டில்.

அப்படியானால் யூடியூபில் தமிழ்ப் பாட்டுப் போட்டுவிடலாமா? அமெரிக்காவில் பட்ரீசியா கூல் 2003இல் வெளியிட்ட ஆய்வில் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீன மொழி பேசுபவர்கள் 12 முறை நேரில் விளையாடினார்கள், புத்தகம் காட்டிப் பேசினார்கள். குழந்தைகள் சீன ஒலி வேற்றுமையைப் பிடித்துக்கொண்டார்கள். அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் திரையில் பார்த்த குழந்தைகள் எதையும் கற்கவில்லை. பேசுபவர் பிள்ளையின் கண்ணைப் பார்க்க வேண்டும், பிள்ளை சுட்டிய பொருளுக்குப் பெயர் சொல்ல வேண்டும். நிலாவைக் காட்டும்போது நடப்பது இதுதான்: பிள்ளையும் நாமும் ஒரே பொருளைப் பார்க்கிறோம், அந்த நேரத்தில் ஒரு சொல் வருகிறது. அந்தச் சொல் ஒட்டிக்கொள்கிறது.

திரையைப் பற்றிச் சிங்கப்பூரிலேயே வலுவான ஆய்வு இருக்கிறது. 2009இல் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் தொடங்கிய 'கஸ்டோ' ஆய்வு, 1,200க்கு மேற்பட்ட கர்ப்பிணிகளையும் அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளையும் இன்றுவரை பின்தொடர்கிறது. சீனர், மலாய்க்காரர், இந்தியர் மூவரும் அதில் உண்டு. 2023இல் அதிலிருந்து வந்த ஒரு கட்டுரை, ஒரு வயதில் திரை பார்த்த நேரம் கூடக்கூட 18 மாதத்தில் மூளை மின்னலைகளில் வேறுபாடு தெரிந்ததையும், ஒன்பது வயதில் கவனத்தைக் குவிக்கும் திறனும் தன்னைக் கட்டுப்படுத்தும் திறனும் குறைந்திருந்ததையும் காட்டியது. இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, திரை மட்டுமே காரணம் என்று நிரூபிக்கவில்லை. பிள்ளையோடு பேச ஆளில்லாத வீட்டில் திரை அதிகமாக ஓடுவதும் நடக்கும். எதுவாயினும் சுகாதார அமைச்சின் வழிகாட்டி தெளிவாக இருக்கிறது: 18 மாதத்துக்கு முன் திரை வேண்டாம், அதன்பின் ஆறு வயது வரை பள்ளிக்கு வெளியே நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள்.

அடுத்தது இரண்டு மொழி குழப்பும் என்ற பயம். பிள்ளை இரண்டு வயதிலும் சரியாகப் பேசவில்லை என்றவுடன், "வீட்டில ஒரே மொழி பேசுங்க" என்று யாராவது சொல்வார்கள். அந்த ஒரே மொழி எப்போதும் ஆங்கிலமாகவே இருக்கும். அன்றோடு பாட்டியின் பேச்சு வீட்டில் நின்றுபோகும். இரண்டு மொழி பேச்சுத் தாமதத்தை உண்டாக்குவதில்லை. இருமொழிப் பிள்ளையின் சொற்களை எண்ணும்போது இரண்டு மொழியிலும் சேர்த்து எண்ண வேண்டும்: 'பால்', 'தண்ணி', 'டாக்' (dog), 'பூ', 'மோர்' (more) எல்லாம் கணக்கில் வரும். ஒரு மொழியை மட்டும் எண்ணினால் எந்தப் பிள்ளையும் பின்தங்கியதாகத்தான் தெரியும். 'கஸ்டோ' ஆய்வில் ஆறு மாதக் குழந்தைகளுக்கு ஒரே படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டியபோது, இருமொழி வீட்டுக் குழந்தைகள் அதைச் சீக்கிரம் பழகிக்கொண்டு, புதுப் படம் வந்ததும் அதை அதிக நேரம் பார்த்தார்கள். இதை வைத்து இருமொழிப் பிள்ளை புத்திசாலி என்று பெருமை பேச வேண்டாம். குழம்பவில்லை என்பது போதும்.

தாமதம் உண்மையாகவே இருந்தால் அதற்குக் காரணம் வேறு எங்கோ இருக்கிறது. அதைத் தேட வேண்டும். முதலில் காது. பிறந்ததும் செய்த சோதனையில் சரியாக இருந்த பிள்ளைக்கும் பிறகு நடுக்காதில் நீர் கோத்துக் கேட்கும் திறன் குறையலாம். ஒரு வயதில் மழலை ஒலிகளோ சுட்டிக் காட்டுவதோ இல்லை, 16 மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை, இரண்டு வயதில் 'அம்மா வா' போல இரு சொல் சேர்க்கை இல்லை என்றால் பலதுறை மருந்தகம் போங்கள். அங்கிருந்து மேலே சொன்ன இரு மருத்துவமனைகளின் குழந்தை வளர்ச்சிப் பிரிவுகளுக்கு அனுப்புவார்கள், தேவைப்பட்டால் ஆரம்பகாலத் தலையீட்டுத் திட்டத்தில் சேர்ப்பார்கள். பெயர் வைத்துவிடுவார்களோ, பள்ளியில் ஒதுக்கிவிடுவார்களோ என்று நம்மவர்கள் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் மூன்று வயதில் தொடங்கும் பேச்சுப் பயிற்சி ஆறு வயதில் தொடங்குவதைவிட எளிது என்பதை விட்டுக்கொடுக்க முடியாது.

முதல் பொய்

நான்கு வயதுப் பிள்ளை முதல் பொய்யைச் சொல்லும்போது வீட்டில் ஒரே கலவரம். உண்மையில் அந்தப் பொய்க்கு ஒரு பெரிய திறன் தேவை. தனக்குத் தெரிந்தது அம்மாவுக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பதை அந்தப் பிள்ளை இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறது. ஹெய்ன்ஸ் விம்மரும் யோசப் பெர்னரும் 1983இல் இதைச் சோதித்தார்கள். ஒரு பையன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டுப் போகிறான். அவன் இல்லாதபோது அவன் அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றுகிறாள். திரும்பி வந்தால் எங்கே தேடுவான்? மூன்று வயதுப் பிள்ளை புது அலமாரியைக் காட்டும், ஏனென்றால் தனக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரியும் என்று அது நினைக்கிறது. நான்கு, ஐந்து வயதில் பழைய அலமாரியைக் காட்டத் தொடங்கும். பொய்யைக் கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் அடிக்கும் முன் இதை நினைத்துப் பாருங்கள். அடுத்தவர் மனத்தில் என்ன இருக்கிறது என்று ஊகிக்கும் அதே திறன்தான் பிறகு இரக்கமாகவும் நட்பாகவும் வளர்கிறது. விளையாட்டுச் சாமான்களை வைத்துச் சமைப்பதும் டீச்சராக நடிப்பதும் அந்தத் திறனுக்கான பயிற்சியே. எழுத்துப் பயிற்சித் தாள்களுக்காக அந்த நேரத்தைப் பறிக்கும் பாலர் பள்ளியை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

பள்ளி வயது

ஆறிலிருந்து பத்து வயது வரை உடம்பு அமைதியாக வளர்கிறது, ஆண்டுக்கு ஐந்தாறு சென்டிமீட்டர். பால் பற்கள் விழுகின்றன. நண்பர்கள் முக்கியமாகிறார்கள். இங்கே இரண்டே விஷயங்கள் சொல்கிறேன்.

ஒன்று, பிறந்த மாதம். தொடக்கநிலை ஒன்றில் ஜனவரி 2 முதல் அடுத்த ஆண்டு ஜனவரி 1 வரை பிறந்த பிள்ளைகள் ஒரே வகுப்பில் உட்காருகிறார்கள். டிசம்பரில் பிறந்த பிள்ளைக்கு அப்போது ஆறு வயது ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. ஜனவரியில் பிறந்த பிள்ளைக்கு ஏழு. அந்த வயதில் ஓராண்டு என்பது வாழ்ந்த காலத்தில் ஆறில் ஒரு பங்கு. பென்சில் பிடிப்பதிலும் 20 நிமிடம் அசையாமல் உட்காருவதிலும் தெரியும் வித்தியாசத்தில் பெரும்பகுதி அறிவால் வந்ததில்லை, மாதத்தால் வந்தது. தொடக்கநிலை ஒன்று, இரண்டில் தேர்வுகளை எடுத்துவிட்டது எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது. டிசம்பர்ப் பிள்ளைக்கு அந்த இரண்டு ஆண்டு அவகாசம் தேவை.

இரண்டு, கண். சிட்னியிலும் சிங்கப்பூரிலும் ஆறு, ஏழு வயதுச் சீனப் பிள்ளைகளை ஒப்பிட்டு 2008இல் வெளியான ஆய்வில், கிட்டப்பார்வை சிட்னியில் 3.3 விழுக்காடு, சிங்கப்பூரில் 29.1 விழுக்காடு. ஒரே இனம், ஒரே வயது. சிட்னிப் பிள்ளைகள் வாரத்துக்கு 13.75 மணி நேரம் வெளியில் இருந்தார்கள், நம் ஊர்ப் பிள்ளைகள் 3.05 மணி நேரம். வெளிச்சத்தில் இருக்கும் நேரமே முக்கியக் காரணமாக இன்று கருதப்படுகிறது. ஞாயிறு காலை டியூஷனை மாலைக்கு மாற்றிவிட்டு, புளோக் கீழே இருக்கும் விளையாட்டுத் திடலுக்கு அனுப்புவது நேரத்தை வீணடிப்பது ஆகாது.

பன்னிரண்டு வயது

பருவமாற்றம் பெண்களுக்கு எட்டு முதல் 13 வயதுக்குள்ளும் ஆண்களுக்கு ஒன்பது முதல் 14 வயதுக்குள்ளும் தொடங்குவது இயல்பு. அதற்கு முன்போ பின்போ என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பெண்கள் 12 வயதை ஒட்டி மிக வேகமாக உயர்கிறார்கள், பையன்கள் 14ஐ ஒட்டி. ஆக, பிஎஸ்எல்இ எழுதும் அறையில் உடம்பளவில் இளம்பெண்ணாகிவிட்ட மாணவியும், இன்னும் சிறுவனாகவே இருக்கும் மாணவனும் ஒரே தாளை எழுதுகிறார்கள். தேர்வு அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. வீடாவது எடுத்துக்கொள்ளட்டும்.

பூப்பெய்திய பெண்ணுக்கு மண்டபம் எடுத்து மஞ்சள் நீராட்டு விழா நடத்துவது இங்கேயும் உண்டு. சில பெண்களுக்கு அது மகிழ்ச்சி. வேறு சிலருக்கு, வகுப்புத் தோழர்களுக்குத் தெரிந்துவிடுமே என்ற கூச்சம். மற்றவர்களைவிட முன்னதாகப் பருவமடையும் பெண்களிடம் மனச்சோர்வு அதிகம் காணப்படுவதைப் பல ஆய்வுகள் சொல்கின்றன; அவர்கள் தோற்றத்துக்கு ஏற்ற முதிர்ச்சியை மற்றவர்கள் எதிர்பார்த்துவிடுகிறார்கள். உடம்பு வளர்ந்த பத்து வயதுப் பெண்ணின் மனசுக்குப் பத்து வயதுதான். அத்தைமார் நாள் குறிப்பதற்கு முன் அவளிடம் ஒரு முறை கேளுங்கள். அவள் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

தூக்கம் தள்ளிப்போவதும் பருவத்தின் வேலைதான். தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் பதின்ம வயதில் ஒன்றிரண்டு மணி நேரம் தாமதமாகச் சுரக்கிறது. எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவைப்படும் வயதில், நடுநிசிக்குத் தூங்கி ஆறு மணிக்கு எழுந்து ஏழரைக்குப் பள்ளியில் நிற்கிறார்கள். நன்யாங் பெண்கள் உயர்நிலைப்பள்ளி 2016 ஜூலையில் தொடக்க நேரத்தை 7.30இலிருந்து 8.15க்கு மாற்றியது. டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் கவனித்தபோது, ஒரு மாதத்துக்குப் பின் மாணவிகள் சுமார் 23 நிமிடம் கூடுதலாகப் படுக்கையில் இருந்தார்கள். ஒன்பது மாதத்துக்குப் பிறகும் ஏறத்தாழ பத்து நிமிடம் மிஞ்சியிருந்தது, மனநிலையும் மேம்பட்டிருந்தது. எல்லாப் பள்ளிகளும் இதைப் பின்பற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதுவரை, சனிக்கிழமை பத்து மணி வரை தூங்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று எழுப்பாதீர்கள்.

மனநலம் பற்றி ஒரு குறிப்பு. பல நாடுகளின் 15 வயது மாணவர்களை ஒப்பிடும் பிசா ஆய்வில், 2015இல் சிங்கப்பூர் மாணவர்களில் 76 விழுக்காட்டினர், நன்றாகத் தயாராகி இருந்தாலும் தேர்வு என்றால் மிகவும் பதற்றமாக இருக்கிறது என்றார்கள். பொருளியல் ஒத்துழைப்பு, மேம்பாட்டு நிறுவன நாடுகளின் சராசரி 55. பதற்றம் எல்லாருக்கும் வரும். சாப்பாடு, தூக்கம், நண்பர்கள், பிடித்த விளையாட்டு எல்லாவற்றிலும் ஆர்வம் இரண்டு வாரத்துக்கு மேல் போய்விட்டால் அது வேறு. பள்ளியிலேயே ஆலோசகர் இருக்கிறார். 16 வயதுக்கு மேல் என்றால் மனநலக் கழகம் 2009இல் இளையர்களுக்காகத் தொடங்கிய 'சாட்' சேவை இருக்கிறது.

கடைசியாக முடிவெடுக்கும் திறன். திட்டமிட்டு, விளைவை எண்ணிப் பார்த்து, தன்னைத் தடுத்து நிறுத்தும் மூளைப் பகுதி இருபதுகளின் நடுவரை முதிர்ந்துகொண்டிருக்கிறது. அதற்காகப் பதினாறு வயதுப் பிள்ளையைச் சிந்திக்கத் தெரியாதவன் என்று முடிவுகட்டக் கூடாது. 11 நாடுகளில் 5,000க்கு மேற்பட்டவர்களைச் சோதித்து 2019இல் வெளியான ஆய்வில், அமைதியாக யோசிக்க நேரம் இருந்தால் 16 வயதினர் ஏறத்தாழ பெரியவர்கள் அளவுக்கு முடிவெடுத்தார்கள். உணர்ச்சி பொங்கும் நேரத்திலோ, நண்பர்கள் சுற்றி நிற்கும்போதோ அந்த முதிர்ச்சி இன்னும் சில ஆண்டுகள் தள்ளியே வந்தது. 2005இல் வெளியான மற்றொரு சோதனையில் கார் ஓட்டும் கணினி விளையாட்டைத் தனியாக ஆடியபோது பதின்ம வயதினர் பெரியவர்களைப் போலவே ஓட்டினார்கள். நண்பர்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது துணிந்து ஆபத்தில் இறங்குவது அவர்களிடம் ஏறத்தாழ இரு மடங்கானது.

சிங்கப்பூர்ச் சட்டமும் எல்லாவற்றுக்கும் ஒரே வயதை வைக்கவில்லை. வாகன உரிமம் 18, மது வாங்க 18, வாக்களிக்க 21. புகையிலை வாங்கும் வயதை 18இலிருந்து படிப்படியாக உயர்த்தி 2021இல் 21 ஆக்கினார்கள். வீட்டிலும் இப்படிப் பிரிக்கலாம். தொடக்கக் கல்லூரியா, பலதுறைத் தொழிற்கல்லூரியா என்பது பல மாதம் யோசித்து, திறந்தநாள்களுக்குப் போய்ப் பார்த்து எடுக்கும் முடிவு; 16 வயதுப் பிள்ளை அதை எடுக்க முடியும், எடுக்க விடுங்கள். இரவு பதினொரு மணிக்கு நண்பனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறுவதா என்பது பத்து நொடியில், நான்கு நண்பர்கள் முன்னால் எடுக்கும் முடிவு. அதற்கு முன்கூட்டியே விதி வேண்டும்: எந்த நேரமானாலும் அப்பாவை அழைக்கலாம், அப்பா வந்து கூட்டிக்கொண்டு போவார், அன்று இரவு எந்தக் கேள்வியும் கேட்க மாட்டார்.